பனித்தளத்தில் ஒரு புதிய அணி

சபாக் பெர்ணம் வட்டாரத்தில் வாழும் நமக்குப் பனிக்கட்டி புதிய பொருளன்று. கடலோரக் கிராமங்களில் கரைக்கு வரும் மீன், பனிக்கட்டி நிரம்பிய பெட்டிகளில்தான் சந்தைக்குப் போகிறது. வெயில் கொளுத்தும் பிற்பகலில் கடைக்குச் சென்று ஐஸ் கச்சாங் வாங்கிச் சாப்பிடாதவர் நம்மில் எவரும் இலர். ஆனால், பனிக்கட்டியின்மேல் நின்று, ஓடி, விளையாடலாம் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நெல் வயலும் செம்பனைத் தோட்டமும் சூழ்ந்த நம் ஊரில் நண்பகல் வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டுகிறது. பனியில் ஆடும் ஆட்டம் நமக்கு எட்டாத ஒன்றாகவே தோன்றும்.

எனினும், அந்த ஆட்டம் நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. 2017ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் பனி ஹாக்கி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் பேங்காக் நகரில் நடந்த ஆசிய மகளிர் போட்டி ஒன்றில் மலேசிய மகளிர் அணியும் களமிறங்கியது. அங்கே அவர்களை எதிர்த்து ஆடிய அணிகளுள் ஒன்று இந்திய மகளிர் அணி. தோல்வியோடு தொடங்கிய அந்த அணியின் கதையை இப்பகுதியில் அறிந்துகொள்வோம்.

ஆட்டத்தின் தன்மை

முதலில் ஆட்டத்தைப் புரிந்துகொள்வோம். பனி ஹாக்கியில் ஓர் அணிக்கு ஒரே நேரத்தில் ஆறு பேர் ஆடுவர். அவர்களுள் ஒருவர் கோல் காவலர். பந்துக்குப் பதிலாகக் கடினமான ரப்பரால் ஆன தட்டையான வட்டு பயன்படுத்தப்படுகிறது. அதனைப் ‘பக்’ என்பர். ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் தடிப்பும் ஏழரை சென்டிமீட்டர் விட்டமும் உடைய இந்த வட்டை, நீண்ட மட்டையால் அடித்து எதிரணியின் கோல் வலைக்குள் செலுத்த வேண்டும். ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடைபெறும்.

ஆட்டக்காரர்கள் காலணியின் அடியில் கூரிய எஃகுத் தகடு பொருத்தப்பட்ட சறுக்குக் காலணிகளை அணிந்திருப்பர். அவர்கள் மிகுந்த வேகத்தில் சறுக்குவதால் விரைவில் களைத்துப்போவர். எனவே, ஒருவர் ஒரு நிமிடத்திற்கும் குறைவாகவே தொடர்ந்து ஆடுவார். பின்னர், வெளியே அமர்ந்திருக்கும் மற்றொருவர் அவர் இடத்தை எடுத்துக்கொள்வார். தளத்தைச் சுற்றி இடுப்பளவு உயரத் தடுப்புச் சுவர் இருக்கும். வட்டு அச்சுவரில் மோதித் திரும்பி வரும். அது எந்தக் கோணத்தில் திரும்பும் என்பதைக் கணித்து ஆடுவது இவ்விளையாட்டின் முக்கியத் திறன்களுள் ஒன்று.

இவ்விவரங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புதிய அணி ஏன் தோற்றது என்பதை அறிய இவை உதவும்.

உறைந்த குளமே பயிற்சித் திடல்

இந்தியாவின் வடகோடியில், இமயமலைப் பகுதியில் லடாக் அமைந்துள்ளது. அதன் முக்கிய நகரமான லே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் அங்கு வெப்பநிலை சுழியத்திற்கும் கீழே 20 பாகை வரை இறங்குவதுண்டு. குளங்கள் உறைந்து கல்லைப் போல் இறுகிவிடும். அங்குப் பணியாற்றிய இராணுவத்தினர் அத்தகைய குளங்களில் பனி ஹாக்கி ஆடினர். அதைக் கண்ட உள்ளூர் இளைஞர்களும் ஆடத் தொடங்கினர். முறையான சறுக்குக் காலணி கிடைக்காத காலத்தில், இராணுவக் காலணியின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டு ஆடியவர்களும் உண்டு.

இந்தியா 1989ஆம் ஆண்டு அனைத்துலகப் பனி ஹாக்கி சம்மேளனத்தில் உறுப்பியம் பெற்றது. ஆனால், மகளிருக்கென ஒரு தேசிய அணி அமையப் பல ஆண்டுகள் ஆயின. லடாக்கில் பெண்கள் விளையாட முன்வந்தபோது, அவர்களுக்குத் தனியாகத் தளமும் இல்லை. போதிய கருவிகளும் இல்லை. ஆண்கள் ஆடி முடித்த பிறகே பெரும்பாலும் அவர்களுக்குத் தளம் கிடைத்தது. பிறர் பயன்படுத்திய காலணிகளையும் காப்புக் கவசங்களையும் இரவல் வாங்கி அணிந்தனர். லே நகருக்கு அருகிலுள்ள செக்மோல் என்னும் மாற்றுக் கல்வி நிறுவனத்தில் பயின்ற மாணவியர் பலர், அங்குள்ள உறைந்த குளத்திலேயே இந்த ஆட்டத்தைக் கற்றனர்.

குளத்தைத் தளமாக மாற்றுவதும் எளிய வேலையன்று. இரவில் குளிர் மிகும் நேரத்தில், உறைந்த பரப்பின்மேல் மெல்லிய படலமாக நீரை ஊற்ற வேண்டும். அது உறைந்ததும் மீண்டும் ஊற்ற வேண்டும். இவ்வாறு படலம் படலமாக உறையவிட்டால்தான் வெடிப்புகள் அடைபட்டுப் பரப்பு சமமாகும். பகல் முழுதும் விளையாடியவர்களே இரவில் நீரூற்றும் பணியையும் செய்ய வேண்டியிருந்தது.

இவ்வளவு உழைத்தும் அந்தத் தளம் ஆண்டில் ஏறத்தாழ இரண்டு மாதங்களே பயன்படும். பிப்ரவரி இறுதியில் பனி உருகத் தொடங்கிவிடும். இங்கே ஒரு வியப்பான உண்மையைக் கவனியுங்கள். வெப்ப நாடான மலேசியாவில், பேரங்காடிக்குள் அமைந்த செயற்கைப் பனித்தளத்தில் ஆண்டு முழுவதும் பயிற்சி பெறலாம். அங்கே தரைக்கு அடியில் குழாய்கள் பதிக்கப்பட்டு, உறைநிலைக்கும் கீழே குளிர்விக்கப்பட்ட நீர்மம் அவற்றில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் மேலே ஊற்றப்படும் நீர் உறைந்து தளமாகிறது. ஆனால், பனி சூழ்ந்த லடாக்கில் அத்தகைய வசதி இல்லாததால் பயிற்சிக் காலம் இரண்டு மாதங்களுக்குள் சுருங்கிப்போனது.

முதல் போட்டியும் முதல் தோல்வியும்

2016ஆம் ஆண்டு மார்ச் மாதம் தைப்பே நகரில் நடைபெற்ற ஆசிய மகளிர் சவால் கிண்ணப் போட்டியில் இந்திய அணி முதன்முதலாகக் கலந்துகொண்டது. அணிக்கு ரிஞ்சன் டோல்மா தலைமை தாங்கினார். அப்போட்டியில் இந்திய அணி தான் ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்றது.

போட்டியின் முடிவுப் பட்டியலை மட்டும் பார்ப்பவர், “இது திறமையற்ற அணி” என்று சொல்லிவிடக்கூடும். அது சரியான முடிவாகுமா? தோல்விக்கான காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது காரணம் தளம். குளத்தில் உறைந்த பனி சொரசொரப்பானது. காற்றும் தூசியும் அதன்மேல் படியும். செயற்கைத் தளமோ கண்ணாடியைப் போல் வழவழப்பானது. அதில் வட்டு இன்னும் விரைவாகச் செல்லும். மெதுவான தளத்தில் பழகிய கண்ணும் கையும் அந்த வேகத்திற்கு உடனே ஈடுகொடுக்க இயலாது.

இரண்டாவது காரணம் தடுப்புச் சுவர். முறையான உயரமும் உறுதியும் உள்ள சுவர் இல்லாத இடத்தில் பழகியவர்களுக்கு, வட்டு சுவரில் மோதித் திரும்பும் கோணம் பழக்கமாகியிருக்காது. எதிரணி அதைப் பயன்படுத்திக்கொள்ளும்.

மூன்றாவது காரணம் காலம். ஆண்டில் பத்து மாதங்கள் பயிற்சி இல்லையென்றால், கற்றது பாதி மறந்துபோகும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் பழையதை மீட்டெடுக்கவே பல நாள்கள் செலவாகும். புதியதைக் கற்க எஞ்சும் நாள்கள் சிலவே.

நான்காவது காரணம் பணம். வெளிநாட்டுப் பயணம், தங்குமிடம், கருவிகள் என எல்லாவற்றுக்கும் செலவாகும். இந்த ஆட்டக்காரர்கள் சம்பளம் பெறும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்லர். படிப்பையும் வேலையையும் வீட்டுப் பொறுப்பையும் கவனித்துக்கொண்டே ஆடியவர்கள்.

இந்நான்கனுள் ஒன்றுகூட ‘திறமையின்மை’ அன்று என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். தோற்றது உண்மை. ஆனால், தோல்வி அவர்களின் ஆற்றலை மட்டும் அளக்கவில்லை. அவர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பையும் சேர்த்தே அளந்தது.

தேசிய கீதம் ஒலித்த நாள்

அடுத்த ஆண்டு பேங்காக் போட்டிக்குச் செல்லப் பணம் தேவைப்பட்டது. அணியின் நிலையை இணையம்வழி அறிந்த பொதுமக்கள் பலர் தங்களால் இயன்ற சிறு தொகையை வழங்கினர். சிறு துளி பெரு வெள்ளம் என்பதற்கேற்ப அத்தொகை பயணத்திற்கும் கருவிகளுக்கும் உதவியது.

2017ஆம் ஆண்டு மார்ச் மாதம், பேங்காக்கில் பிலிப்பைன்ஸ் அணியை எதிர்த்து இந்திய அணி ஆடியது. ஆட்டம் இறுதிவரை இழுபறியாகவே சென்றது. முடிவில் இந்தியா 4-3 எனும் கோல் கணக்கில் வென்றது. அதுவே அனைத்துலக அரங்கில் அவ்வணி பெற்ற முதல் வெற்றி. அனைத்துலகப் பனி ஹாக்கிப் போட்டிகளில் ஆட்டம் முடிந்ததும் வென்ற நாட்டின் தேசிய கீதம் ஒலிக்கும். தைப்பேயில் ஒவ்வொரு முறையும் மற்ற நாட்டின் கீதத்தையே வரிசையில் நின்று கேட்டவர்கள், இம்முறை தங்கள் நாட்டுக் கீதத்தைக் கேட்டனர். 

அதே போட்டியில் மலேசிய அணியையும் இந்திய அணி 5-4 எனும் கோல் கணக்கில் வென்றது. நம் நாட்டு அணி தோற்றது நமக்கு வருத்தமே. ஆயினும், ஒரே ஒரு கோலில் முடிந்த அந்த ஆட்டம், வளர்ந்துவரும் இரண்டு புதிய அணிகளும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல என்பதைக் காட்டியது.

சம்பளம் வாங்கியும் தோற்ற அணி

‘பணமும் தளமும் இருந்திருந்தால் முதல் ஆண்டிலேயே வென்றிருப்பார்கள்’ என்று நீங்கள் எண்ணலாம். அதுவும் முழு உண்மையன்று. பனி ஹாக்கியில் பெயர்பெற்ற வட அமெரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள தொழில்முறை அணிகள் தேசிய ஹாக்கி லீக் எனும் தொடரில் ஆடுகின்றன. 1974ஆம் ஆண்டு அத்தொடரில் வாஷிங்டன் கேப்பிட்டல்ஸ், கன்சாஸ் சிட்டி ஸ்கவுட்ஸ் எனும் இரண்டு புதிய அணிகள் சேர்க்கப்பட்டன. வாஷிங்டன் அணிக்குப் புதிய அரங்கம் இருந்தது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமும் இருந்தது. ஆனால், நல்ல ஆட்டக்காரர்கள்தாம் இல்லை. ஏனெனில், பழைய அணிகள் தங்களின் சிறந்த ஆட்டக்காரர்களைத் தக்கவைத்துக்கொண்டு, எஞ்சியவர்களை மட்டுமே புதிய அணிகள் தேர்ந்தெடுக்க அனுமதித்தன. மேலும், அக்காலத்தில் போட்டியாக மற்றொரு தொழில்முறைத் தொடரும் நடந்ததால், திறமையான ஆட்டக்காரர்கள் பல அணிகளுக்குச் சிதறிப்போயிருந்தனர்.

அந்தப் பருவத்தில் வாஷிங்டன் அணி 80 ஆட்டங்கள் ஆடியது. அவற்றுள் 8 ஆட்டங்களில் வென்றது. 67 ஆட்டங்களில் தோற்றது. 5 ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. வெற்றிக்கு இரண்டு, சமநிலைக்கு ஒன்று எனக் கணக்கிட்டால் மொத்தம் 21 புள்ளிகள். அவ்வணி 181 கோல்கள் அடித்தது. 446 கோல்களை விட்டுக்கொடுத்தது. அதாவது, ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாக ஐந்துக்கும் மேற்பட்ட கோல்கள். ஒரே பருவத்தில் மூவர் பயிற்றுநர் பொறுப்பில் இருந்தனர்.

வெளியூர் ஆட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். தொடர்ந்து 37 வெளியூர் ஆட்டங்களில் அவ்வணி தோற்றது. 1975ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள், கலிபோர்னியா அணியை அதன் சொந்த அரங்கில் 5-3 எனும் கோல் கணக்கில் வென்றபோதுதான் அத்தொடர் முறிந்தது. ஆட்டக்காரர்கள் மகிழ்ச்சி தாளாமல், ஒரு குப்பைத்தொட்டியையே வெற்றிக் கிண்ணமாகத் தூக்கிக்கொண்டு வலம் வந்தனர். கிண்ணம் வெல்ல வாய்ப்பே இல்லாத பருவத்தில், ஒரு வெற்றியைக் கொண்டாட அவர்கள் கண்டுபிடித்த வழி அது.

வாழ்ந்த அணியும் மறைந்த அணியும்

இனி, அதே ஆண்டில் தொடங்கிய கன்சாஸ் சிட்டி அணியைப் பார்ப்போம். அவ்வணி முதல் பருவத்தில் 15 ஆட்டங்களில் வென்று 41 புள்ளிகளைப் பெற்றது. வாஷிங்டன் அணியைவிட ஏறத்தாழ இரு மடங்கு சிறந்த நிலை இது. பட்டியலை மட்டும் பார்த்தால், இவ்விரண்டில் நிலைக்கப்போவது கன்சாஸ் சிட்டி அணிதான் என்றே எவரும் சொல்வர்.

ஆனால், நடந்தது வேறு. போதிய பார்வையாளர் இல்லாமலும் பணமுடையாலும் கன்சாஸ் சிட்டி அணி இரண்டே பருவங்களில் அந்நகரை விட்டு வெளியேறியது. 1976ஆம் ஆண்டு அது வேறு பெயரில் கொலராடோ மாநிலத்திற்கு மாற்றப்பட்டது. மோசமாகத் தோற்ற வாஷிங்டன் அணியோ நிலைத்து நின்றது. பல ஆண்டுகள் தடுமாறினாலும், அதன் உரிமையாளரும் இரசிகர்களும் அதைக் கைவிடவில்லை. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம், தொடங்கி 44 ஆண்டுகள் கழித்து, அவ்வணி தொடரின் உயரிய பரிசான ஸ்டான்லி கிண்ணத்தை முதன்முறையாக வென்றது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ஓர் அணி நிலைப்பதும் மறைவதும் அதன் கோல் கணக்கால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. தோற்கும் காலத்தில் அதனுடன் நிற்பவர் எத்தனை பேர் என்பதும் அதைத் தீர்மானிக்கிறது. முயற்சி அணியினுடையது, அந்த முயற்சிக்குக் காலம் தருவது சுற்றியுள்ள சமூகம்.

லடாக் அணிக்கும் அத்தகைய துணை கிடைத்தது. நான்கு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களை வென்ற கனடிய வீராங்கனை ஹெய்லி விக்கன்ஹைசர், 2018ஆம் ஆண்டு லே நகருக்கு வந்து பெண்களுக்குப் பயிற்சி அளித்தார். தேசிய அணியில் ஆடிய பெண்கள், குளிர்காலத்தில் கிராமங்களுக்குச் சென்று சிறுமியருக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தனர். 2025ஆம் ஆண்டு ஐக்கிய அரபு சிற்றரசின் அல் அய்ன் நகரில் நடைபெற்ற மகளிர் ஆசியக் கிண்ணப் போட்டியில் இந்திய அணி வெண்கலப் பதக்கம் வென்றது. அதுவே அவ்வணியின் முதல் பதக்கம். தைப்பே தோல்விக்கும் அந்தப் பதக்கத்திற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

நம் திடலுக்கு வருவோம்

மாணவர்களே, நம் வட்டாரப் பள்ளிகளிலும் புதிய அணிகள் உருவாகின்றன. மாணவர் எண்ணிக்கை குறைந்த தோட்டப்புறப் பள்ளியில் பதினொரு பேரைத் திரட்டுவதே பெரும்பாடு. மழை பெய்தால் திடலில் நீர் தேங்கும். மாவட்டப் போட்டிக்குப் போக வேன் ஏற்பாடு செய்ய வேண்டும். காலணி இல்லாதவருக்கு அண்ணனின் பழைய காலணி துணை நிற்கும். இத்தகைய அணி முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பும்போது, “இவர்களால் முடியாது” என்று சொல்வது எளிது.

அவ்வாறு சொல்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். நாம் எதனால் தோற்றோம்? அக்காரணங்களுள் எவற்றை நாமே மாற்றலாம்? எவற்றை மாற்றப் பிறர் உதவியை நாட வேண்டும்? பந்தைத் தடுக்கத் தெரியாமல் தோற்றிருந்தால், நாளை மாலையே பயிற்சியைத் தொடங்கலாம். திடல் சரியில்லாததால் பயிற்சி தடைப்பட்டிருந்தால், பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் முறையிடலாம். காரணத்தைப் பிரித்தறியாமல் எல்லாவற்றையும் ‘திறமையின்மை’ என்று ஒதுக்கிவிட்டால், மாற்றக்கூடியதும் மாறாமலே போய்விடும்.

நீங்கள் ஆட்டக்காரராக இல்லாமல் இருக்கலாம். அப்படியானால், திடலோரத்தில் நிற்பவராக உங்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. வெல்லும் அணிக்குக் கைதட்டப் பலர் வருவர். தோற்றுத் திரும்பும் அணி வேனிலிருந்து இறங்கும்போது, “அடுத்த பயிற்சி எப்போது?” என்று கேட்க ஒருவராவது அங்கே நிற்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.